பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி: கல்லூரி மாணவர்களின் தற்கொலை ஆபத்தைக் கண்டறிந்து தடுக்க முழுமையான வழிகாட்டி

இதைப் படிக்கும் உங்களுக்கே இப்போது செத்துவிடலாம் என்று தோன்றிக்கொண்டிருந்தால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். தனியாக இருக்கும் அறையை விட்டு வெளியே வாருங்கள். விழித்திருக்கும் யாராவது ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் "எனக்கு இப்போ தனியா இருக்க பயமா இருக்கு" என்ற ஒரு வரி போதும். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, மலேசியாவில் 03-7627 2929, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனில் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14 ஆகிய எண்களை அழைக்கலாம். 14416இல் தமிழிலேயே பேசலாம்.

மற்றவர்களுக்கு: இந்த வழிகாட்டி முதலில் அறைத்தோழர்களுக்கும் நண்பர்களுக்கும் எழுதப்பட்டது, ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், பெற்றோர், நிர்வாகத்தினர் அதற்குப் பிறகுதான். காரணம் எளிது. ஒரு மாணவர் தன் வலியை முதலில் சொல்வது பெரும்பாலும் இன்னொரு மாணவரிடம்தான்.

ஏன் இந்த வயதில்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 7,27,000 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணக் காரணங்களில் அது 3ஆம் இடத்தில் இருக்கிறது. மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு போன்ற நோய்கள் முதன்முதலாகத் தலைகாட்டுவதும் பெரும்பாலும் கல்லூரிப் பருவத்தில்தான். அதே சமயத்தில் மாணவர் வீட்டை விட்டு வந்திருப்பார். முகம் லேசாக வாடினாலே கண்டுபிடித்துவிடுகிறவர்கள் தொலைவில் இருப்பார்கள். புது இடத்தில் அவருடைய இயல்பு எது என்றே யாருக்கும் தெரியாது. பிறகு அது மாறியதை யார் கவனிப்பது?

ஒரு மரணம் நடந்ததும் "தேர்வில் தோற்று அரியர் விழுந்ததால்", "காதல் தோல்வியால்" என்று ஒரே காரணம் சொல்லப்படுகிறது. அது அநேகமாக எப்போதும் தவறு. அரியர் ஆயிரக்கணக்கானவர்களுக்கு விழுகிறது. அந்த அடி ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்றின் மேல் விழும்போதுதான் ஆபத்தாகிறது. சிகிச்சை பெறாத மனச்சோர்வு, சிறுவயதில் பட்ட கொடுமை, குடி அல்லது போதைப் பழக்கம், குடும்பத்தில் நடந்த தற்கொலை, வாரக்கணக்கான தூக்கமின்மை ஆகியவை அப்படி அடியில் கிடப்பவை. எல்லாவற்றையும்விடக் கனமானது, முன்பே ஒருமுறை முயன்றிருப்பது. தூண்டுதலாக வருவது தேர்வு முடிவாக இருக்கலாம், எல்லோர் முன்னிலையிலும் நேர்ந்த அவமானமாக, ராகிங்காக, கடனாக, ஒழுங்கு நடவடிக்கைக் கடிதமாகவும் இருக்கலாம்.

உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் இரண்டு எண்ணங்களைத் தனியாக எடுத்துக் காட்டினார். ஒன்று, "நான் எல்லோருக்கும் பாரம்". மற்றொன்று, "எனக்கென்று இங்கே யாரும் இல்லை". இவை இரண்டும் ஒருவருக்குள் சேர்ந்துவிட்டால் சாக வேண்டும் என்ற விருப்பம் பிறக்கிறது என்பது அவருடைய கோட்பாடு. கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு முதல் எண்ணம் எவ்வளவு சுலபமாக வந்துவிடும் என்று யோசித்துப் பாருங்கள். நன்றாகப் படிப்பவர் என்பதால் ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். எப்போதும் முதலிடத்தில் இருந்தவருக்குத் தோற்றுப் பழக்கமில்லை, உதவி கேட்டும் பழக்கமில்லை.

இன்னும் இரண்டு உண்மைகள் தெரிந்திருந்தால் கை நடுங்காது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், கடுமையான முயற்சியிலிருந்து பிழைத்த இளம் வயதினரில் ஏறக்குறைய 4இல் ஒருவர், முடிவெடுத்ததற்கும் செயலில் இறங்கியதற்கும் நடுவே 5 நிமிடம்கூட இல்லை என்று சொன்னார்கள். வலி நாள்பட்டதாக இருந்தாலும் உயிருக்கு உலை வைக்கும் உச்சம் குறுகியது. இரண்டாவது, முயன்று பிழைத்தவர்களில் 10இல் 9 பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. அந்த உச்சத்தை ஒருவர் கடந்துவர உதவினால், பெரும்பாலும் ஒரு முழு ஆயுளுக்கே உதவியதாக ஆகிறது.

படி 1: மாற்றத்தைக் கவனிப்பது

சோகமான முகத்தை மட்டும் தேடாதீர்கள். பலருக்கு அது எரிச்சலாகவும் சண்டையாகவும் வெளிப்படும். 2 வாரத்துக்கு முன்பிருந்த ஆளோடு இன்றைய ஆளை ஒப்பிடுங்கள். தூக்கம் தலைகீழாகிவிட்டதா? வகுப்பு, குளியல், சாப்பாடு விட்டுப்போகிறதா? நண்பர்கள் குழுவிலிருந்து சொல்லாமல் விலகினாரா? குடி திடீரென்று கூடியதா?

சில பேச்சுகளைக் கேட்டால் அன்றே செயல்பட வேண்டும். "நான் இல்லன்னா எல்லாருக்கும் நல்லது", "இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது", "எல்லாம் சீக்கிரம் முடிஞ்சிரும்" போன்றவை. விளையாட்டாகச் சொன்னாலும் விடாதீர்கள். பிரியமான பொருட்களை எடுத்துக் கொடுப்பது, கடனை அவசரமாகத் தீர்ப்பது, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது, இறப்பதற்கான வழிகளை இணையத்தில் தேடுவது ஆகியவை இன்னும் நெருங்கிவிட்ட அறிகுறிகள். நாள்கணக்கில் தவித்தவர் காரணமே இல்லாமல் திடீரென அமைதியாகிவிட்டால் 'தேறிவிட்டார்' என்று நிம்மதி அடையாதீர்கள். முடிவெடுத்துவிட்டதாலும் அந்த அமைதி வரலாம். கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

படி 2: நேரடியாகக் கேட்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் உங்களால் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இந்தப் படியாக இருக்கட்டும்.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 6 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களைக் கொண்டு 2005இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு பகுதியினரிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள், மற்றவர்களிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்டதால் வேதனை சற்றுக் குறைந்ததாகவே தெரிந்தது.

இடம் முக்கியம். உணவுக்கூடத்தில் கேட்காதீர்கள். நடந்துகொண்டே பேசுவது நல்லது. முகத்துக்கு முகம் பார்க்கும் கூச்சம் இருக்காது. குறைந்தது ஒரு மணி நேரம் கையில் இருக்க வேண்டும். பார்த்ததை முதலில் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள்: "ரெண்டு வாரமா நீ சரியா தூங்கல. லேபுக்கும் வரல. நேத்து 'நான் இல்லன்னா நல்லது'ன்னு சொன்ன. இவ்வளவு கஷ்டத்துல இருக்கறவங்களுக்குச் சில சமயம் செத்துடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா?"

"தப்பா எதுவும் யோசிக்கலல்ல?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நீங்களே கையில் கொடுத்ததாகிவிடும். 'சாவு', 'தற்கொலை' என்ற சொற்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். தயங்காமல் உச்சரிக்கிறவரிடம்தான் தயங்காமல் பதில் சொல்ல முடியும். "இல்லை" என்று சொல்லியும் உங்கள் மனம் ஒப்பவில்லையென்றால் 2 நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

படி 3: பதில் "ஆமாம்" என்றால்

உடனே தீர்வு சொல்லாதீர்கள். "அப்பா அம்மாவை நினைச்சுப் பாரு" என்பது அன்போடு சொல்லப்படும் சொல்தான். ஆனால் தன்னை ஏற்கெனவே பாரமென்று நினைப்பவரின் தலையில் அது இன்னும் ஒரு குற்ற உணர்ச்சியை ஏற்றிவைக்கிறது. "இதுக்கெல்லாமா?", "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர்" என்பவை பேச்சை அங்கேயே முடித்துவிடும். "சொன்னதுக்கு நன்றி. எப்போலிருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். நடுவே அரை நிமிடம் மௌனம் வந்தால் வரட்டும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்பார். அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். "இதை ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லுவேன். யார்கிட்டன்னு நீயும் நானும் சேர்ந்தே முடிவு பண்ணலாம்" என்று சொல்லுங்கள். கோபப்படலாம். கோபித்துக்கொண்ட நட்பைப் பிறகு சரிசெய்துகொள்ள முடியும்.

படி 4: ஆபத்து எவ்வளவு அருகில்

தற்கொலை ஆபத்தை மதிப்பிட மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் பயன்படும் கொலம்பியா அளவுகோல் 6 கேள்விகளைக் கேட்கிறது. உரிய பயிற்சியோடு பயன்படுத்துவதே நல்லது என்றாலும், அதன் வரிசையைத் தெரிந்துவைத்திருப்பது யாருக்கும் உதவும். தூங்கி எழுந்திருக்காமலே போனால் தேவலை என்று தோன்றியதா? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா? எப்படி என்று யோசித்ததுண்டா? அதைச் செய்யும் நோக்கம் இருக்கிறதா? திட்டத்தின் விவரங்கள் தயாரா? எப்போதாவது முயன்றதோ அதற்கு ஆயத்தம் செய்ததோ உண்டா, அது கடந்த 3 மாதத்துக்குள்ளா?

முதல் இரண்டுக்கு மட்டும் "ஆமாம்" என்றால் ஓரிரு நாளில் ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். மூன்றாவதுக்கும் "ஆமாம்" என்றால், அல்லது 3 மாதத்துக்கும் முன்னதாக எப்போதாவது ஒரு முயற்சி நடந்திருந்தால், அதே நாளில். நோக்கமோ திட்டமோ இருந்தால், 3 மாதத்துக்குள் முயற்சி நடந்திருந்தால், அது மருத்துவ அவசரநிலை. மாரடைப்புக்கு என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள்: துணையோடு அவசரச் சிகிச்சைப் பிரிவு, இப்போதே. குடித்திருந்தாலோ, குரல்கள் கேட்பதாகச் சொன்னாலோ, ஒரு படி மேலே வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

"இனி இப்படிச் செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்குவது சில கல்லூரிகளில் வழக்கமாக இருக்கிறது. அந்தத் தாள் யாரையும் காப்பாற்றும் என்பதற்குச் சான்று இல்லை. எழுதி வாங்கியவருக்கு நிம்மதி தருவது மட்டுமே அதன் பயன்.

படி 5: தனியே விடாமலும், ஆபத்தான பொருள் எட்டாமலும்

ஆபத்து உச்சத்தில் இருக்கும்போது ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது, கழிப்பறைக்குப் போனாலும் வெளியே நில்லுங்கள். ஒரே ஆள் இரவு முழுவதும் விழித்திருக்க முடியாது. 2 பேர் முறைவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வேலை, அவர் யோசித்து வைத்திருக்கும் பொருளை அவருக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுபோவது. 'ஒன்றை எடுத்தால் இன்னொன்றைத் தேடிக்கொள்வார்' என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறை வேறு. உச்சம் குறுகியது, அந்த நேரத்தில் மனம் வேறு வழி தேடும் நிலையில் இருப்பதில்லை. இலங்கை மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்தது; 1995 முதல் 2015 வரை அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்தது. அறையிலுள்ள எல்லா மாத்திரைகளையும் (அறைத்தோழர்களுடையதையும் சேர்த்து), ரசாயனங்களையும், கூர்மையான பொருட்களையும் அவர் சம்மதத்தோடு வேறொருவர் எடுத்து வைக்கட்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல் சில நாட்களுக்கு மட்டும் வாங்கி, நம்பிக்கையானவர் கையில் இருக்கும்படி செய்யலாம். மொட்டைமாடிக் கதவும் ஆய்வகச் சேமிப்பறையும் பூட்டியிருப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

ஏற்கெனவே எதையாவது உட்கொண்டுவிட்டார் என்று தெரிந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள். சில பொருட்கள் முதல் நாளில் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளுறுப்பைக் கெடுக்கும். வாந்தியெடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் உட்பட எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். நினைவிழந்திருந்து மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவர் உட்கொண்டதன் அட்டையையோ புட்டியையோ கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். போலீஸ் வழக்காகிவிடும் என்ற பயத்தில் நேரம் போக்குவதுதான் கொடுமை. இலங்கை 1998இலும், சிங்கப்பூர் 2020இலும், மலேசியா 2023இலும் தற்கொலை முயற்சியைக் குற்றம் என்பதிலிருந்து நீக்கிவிட்டன. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதித் தண்டனையிலிருந்து காக்கிறது.

நள்ளிரவில் சமூக ஊடகத்தில் விடைபெறும் பதிவு வந்தால், கீழே ஆறுதல் எழுதிக்கொண்டிருப்பது போதாது. ஒருவர் அவருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் பக்கத்து அறைக்காரரையும் காப்பாளரையும் அந்த அறைக்கு அனுப்பட்டும். பதிவின் படத்தைச் சேமித்துவையுங்கள், பரப்பாதீர்கள்.

படி 6: கையோடு கூட்டிப்போய் ஒப்படைப்பது

"ஒரு கவுன்சிலரைப் பாரு" என்று எண்ணை அனுப்பிவிடுவது உதவி ஆகாது. மனச்சோர்வில் இருப்பவருக்கு ஒரு அழைப்பு செய்வதே மலையைப் புரட்டுகிற வேலை. நீங்களே அழைத்து நேரம் வாங்குங்கள், கூடப் போங்கள், வெளியே காத்திருங்கள். உள்ளே என்ன சொல்ல வேண்டும் என்பதை 4 வரியில் தாளில் எழுதிக்கொண்டு போனால் நல்லது. பதற்றத்தில் பலர் "தலைவலி, தூக்கமில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதல் ஆலோசகரோடு ஒத்துப்போகாவிட்டால் இன்னொருவரைப் பார்க்கலாம் என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

மருந்து தொடங்கினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 25 வயதுக்குக் குறைந்தவர்களில் சிலருக்கு, மனச்சோர்வு மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறார்களுக்குத் தந்த எச்சரிக்கையை 2007இல் 24 வயது வரை நீட்டித்தது. இதற்காக மருந்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கவும், படபடப்பும் தூக்கமின்மையும் கூடினால் உடனே சொல்லவும் ஏற்பாடு இருந்தால் போதும். தாமாக நிறுத்தக் கூடாது. பலன் இல்லை என்று இரண்டாம் வாரத்தில் நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும்.

பெற்றோரிடம் எப்போது சொல்வது? உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் பொதுவாகச் சொல்ல வேண்டும். ஆனால் முதலில் மாணவரிடம் "வீட்டில் யாரிடம் சொன்னால் உனக்கு நிம்மதி?" என்று கேளுங்கள். சிலருக்கு வீட்டில் நடக்கும் அடியோ, காதலுக்கு எதிரான மிரட்டலோதான் பிரச்சினையே. அங்கே கண்ணை மூடிக்கொண்டு அப்பாவை அழைப்பது ஆபத்தைக் கூட்டும். அக்கா, மாமா, சித்தி என்று நம்பகமான வேறொரு பெரியவர் அநேகமாக இருப்பார்.

படி 7: பாதுகாப்புத் திட்டம்

உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் ஆகியோர் உருவாக்கிய இந்தத் திட்டம் 6 பகுதிகள் கொண்டது. உச்சம் தணிந்த பிறகு, மாணவரின் சொந்த வார்த்தைகளில், ஆலோசகரோடு உட்கார்ந்து எழுதுவது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அவசரப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு இந்தத் திட்டத்தோடு தொலைபேசித் தொடர்பும் கொடுத்தபோது, அடுத்த 6 மாதத்தில் தற்கொலை முயற்சி போன்ற நடத்தைகள் ஏறக்குறைய 45 விழுக்காடு குறைந்தன.

1. எனக்கு வரும் முன்னறிகுறி. "சோகம்" என்று எழுதினால் உதவாது. "ராத்திரி 2 மணிக்கு மார்க் பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன்" என்பது உதவும்.
2. யாரையும் கூப்பிடாமல் நானே செய்யக்கூடியவை. குளிர்ந்த நீரில் முகம் கழுவுவது, 20 நிமிட நடை. அறையிலேயே, நள்ளிரவிலும் செய்யக்கூடியவை ஒன்றிரண்டு கட்டாயம் இருக்க வேண்டும்.
3. மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும். இவர்களிடம் பிரச்சினையைச் சொல்ல வேண்டியதில்லை.
4. வாய்விட்டு உதவி கேட்கக்கூடிய 2 அல்லது 3 பேர், எண்ணோடு. அவர்கள் பெயர் இதில் இருப்பது அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.
5. ஆலோசகர், மருத்துவர், உதவி எண், அருகிலுள்ள அவசரப் பிரிவு.
6. அறையைப் பாதுகாப்பாக்க எதை, யார், எங்கே எடுத்து வைத்திருக்கிறார்.

தாளில் ஒன்று, கைபேசியில் படமாக ஒன்று. 4ஆம் பகுதியில் இருப்பவருக்கும் ஒரு பிரதி. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது திட்டத்தைத் திருத்த வேண்டும். விடுதிக்காக எழுதியது வீட்டில் உதவாது.

படி 8: திரும்பி வந்த பிறகு

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரமும் அடுத்த 3 மாதமும்தான் மிகவும் ஆபத்தான காலம். சுற்றியிருப்பவர்கள் 'முடிந்தது' என்று மூச்சுவிடும் நேரமும் அதுவே. வெளியே வந்த 24 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு அழைப்பு, ஒரு வாரத்துக்குள் மருத்துவச் சந்திப்பு உறுதியாக இருக்கட்டும்.

சிறிய தொடர்புகளின் வலிமையை மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ சான் பிரான்சிஸ்கோவில் காட்டினார். மருத்துவமனையிலிருந்து வந்தபின் சிகிச்சையைத் தொடர மறுத்த 843 பேரில் ஒரு பாதியினருக்கு 5 ஆண்டுகளில் 24 சிறு கடிதங்கள் போயின. எந்த நிபந்தனையும் இல்லாத, இரண்டொரு வரி விசாரிப்புகள். கடிதம் பெற்றவர்களிடையே முதல் 2 ஆண்டுகளில் தற்கொலை குறைவாக இருந்தது. "பதில் போட வேண்டாம். உன் நினைவு வந்தது, அதான்" என்ற செய்தியை நீங்களும் அனுப்பலாம்.

நிர்வாகம் மாற்ற வேண்டியவை

தற்கொலை எண்ணத்தைச் சொன்ன மாணவரை முதல் வேலையாகப் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பும் கல்லூரிகள் இருக்கின்றன. அதைப் பார்க்கும் மற்ற மாணவர்கள் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: சொன்னால் வெளியே போட்டுவிடுவார்கள், அதனால் சொல்லக் கூடாது. விடுப்பு தேவைப்படலாம். அதை மாணவரின் விருப்பத்தோடு, திரும்பும் தேதியும் விடுபட்ட தேர்வுகளுக்கான வழியும் எழுத்தில் கொடுத்துச் செய்யுங்கள்.

தேர்வு முடிவையும் ஒழுங்கு நடவடிக்கை ஆணையையும் வார இறுதிக்கு முந்தைய மாலையில் வெளியிடாதீர்கள். அடுத்த 2 நாள் ஆலோசகர் இருக்க மாட்டார். கடுமையான ஆணையை நேரில் கொடுங்கள், அறைக்குத் தனியே திரும்ப விடாதீர்கள். வருகைப் பதிவேட்டைத் தண்டனைக்கு மட்டும் பார்க்காமல், நன்றாக வந்துகொண்டிருந்தவர் திடீரென 2 வாரம் வராமல் போனால் விசாரிக்கும் கருவியாக்குங்கள். காவலாளி, விடுதிப் பணியாளர், நூலகர் ஆகியோருக்கும் படி 1 முதல் படி 3 வரை சொல்லிக்கொடுங்கள். இரவில் மாணவர்களைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

ஒரு மரணம் நிகழ்ந்துவிட்டால்

முதல் 2 நாளுக்குள், அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்களின் பெயர்ப் பட்டியல் எழுதுங்கள்: அறைத்தோழர், கடைசியாகப் பேசியவர், அவரோடு சண்டை போட்டவர், முன்பு முயன்றவர், அதே பாடத்தில் தோற்றவர். ஒவ்வொருவரையும் தனியாகவோ 5, 6 பேர் கொண்ட குழுவாகவோ சந்தியுங்கள். பெரிய அரங்கில் கூட்டம் வேண்டாம். எப்படி, எங்கே நடந்தது என்ற விவரத்தைச் சொல்ல வேண்டாம். இறந்த இடத்தில் படம் வைத்து அஞ்சலி செலுத்த வேண்டாம். அவரை வீரராகவும் கோழையாகவும் ஆக்காமல், நோயாலும் வலியாலும் இறந்த ஒரு தோழராகப் பேசுங்கள். காலியான கட்டிலை அடுத்த நாளே வேறொருவருக்கு ஒதுக்காதீர்கள். அந்த அறையில் இருக்க முடியாதவர்களுக்கு மாற்று அறை கொடுங்கள். அவருடைய பிறந்த நாளையும் முதல் நினைவு நாளையும் காலண்டரில் குறித்துவைத்து, அந்த வாரத்தில் பட்டியலிலுள்ள ஒவ்வொருவரையும் மறுபடி அழையுங்கள்.

நாள்கணக்கில் ஒரு நண்பரைத் தாங்கிப் பிடித்தவர் பெயரையும் பட்டியலில் சேருங்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தாலும்கூட. அவருக்கும் 2 இரவுத் தூக்கமும், நடந்ததை முழுவதும் சொல்லி அழ ஒரு மணி நேரமும் தேவை.